சாயமில்லா நிறம்: மினுங்கும் பாக்டீரியாப் படலத்தை வளர்க்கத் தொடங்குவோருக்கு

ஒருபுறம் செம்பனைத் தோட்டங்களும் மறுபுறம் மோரிப் கடற்கரையும் இருக்க, நடுவில் அமைந்த மலேசியாவின் பந்திங் போன்ற ஒரு நகரில், பள்ளி அறிவியல் கழகத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சாயம் எதுவும் இல்லாமல், தம் உடல்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கினால் மட்டுமே பச்சையாகவும் நீலமாகவும் மினுங்கும் பாக்டீரியாப் படலங்களை வளர்ப்பது எப்படி, அவற்றின் நிறம் ஈரத்துக்கும் உப்புக்கும் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கவனிப்பது எப்படி என்பவையே இங்கே பேசப்படுகின்றன. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் நிறத்தைத் துரத்துகிறார்கள். ஆனால் இங்கே நிறம் என்பது ஒழுங்கின் விளைவு. ஆகவே வளர்ப்புத் தட்டின் ஈரத்தையும் அறையின் வெப்பத்தையும் சீராக வைத்திருக்கக் கற்றுக்கொண்டவருக்கு நிறம் தானாக வந்து சேரும்.

கட்டமைப்பு நிறம் என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. செம்பனையை முக்கோண முறையில், மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 143 மரங்கள் நிற்கும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு மரங்கள் இருக்கும். சாலையில் போகும்போது ஒரு கோணத்தில் வரிசைகள் நேராகத் திறந்துகொள்வதும், சற்று நகர்ந்ததும் அவை மூடிக்கொண்டு வேறொரு திசையில் வேறு வரிசைகள் தோன்றுவதும் நமக்குப் பழகிய காட்சி. கோல் வடிவப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்து, குறுக்குவெட்டில் இதே அறுகோண ஒழுங்கில் அடுக்கிக்கொள்கின்றன. அங்கே இடைவெளி 9 மீட்டர் அல்ல, சில நூறு நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் என்பதால், அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில அலைநீளங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வலுப்பட்டுத் திரும்புவதையே நாம் நிறமாகக் காண்கிறோம். இடைவெளி மாறினால் நிறம் மாறும். பார்க்கும் கோணம் மாறினாலும் மாறும். ஒழுங்கு குலைந்தால் நிறமே போய்விடும்.

தட்டைத் தொடுமுன் ஒரு செடி

நுண்ணுயிர் வேலையைத் தொடங்குமுன் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. அதற்குச் செலவே இல்லாத ஒரு வழி நம் காட்டோரங்களில் இருக்கிறது. நிழலான, ஈரமான ஓரங்களில் படர்ந்து, இலைகள் உலோக நீலமாக மின்னும் செலாஜினெல்லா வில்டனோவி என்ற செடியைப் பலர் பார்த்திருப்பீர்கள். மயிலின் பெயரால் அதை அழைப்பதும் உண்டு. அந்த நீலம் சாயத்தால் வருவதன்று, இலையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி குறுக்கிட்டுக்கொள்வதால் வருவது என்பதை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய டேவிட் லீயும் லவ்ரியும் 1975-இல் நேச்சர் ஆய்விதழில் எழுதினார்கள். அந்த இலையின் மீது ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுத் தடவுங்கள். நனைந்த இடத்தில் நீலம் மறைந்து வெறும் பச்சை தெரியும். காய்ந்ததும் நீலம் திரும்பும். சூழலுக்கு ஏற்ப மாறும் பொருள் என்று பெரிய ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது என்ன என்பதை மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. இலையைப் பறிக்க வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே பார்க்கலாம்.

எந்தப் பாக்டீரியா, எங்கிருந்து

இத்துறையில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். ஒன்று, கடல் சார்ந்த செல்லுலோபாகா லைட்டிகா. இதன் மினுக்கத்தைப் பிரான்சின் லா ரோஷெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் விரிவாக விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த தீவிரமாக மினுங்கும் வகை, ஸ்பெயின் நாட்டு நுண்ணுயிர்ச் சேகரிப்பில் சிஇசிடி 8139 என்ற எண்ணில் இருக்கிறது. மற்றொன்று, ரோட்டர்டாம் துறைமுகப் பகுதியின் கழிமுகச் சேற்றிலிருந்து பிரிக்கப்பட்ட ஃப்ளேவோபாக்டீரியம் ஐஆர்1. இதன் மரபணுக்களைக் குலைத்து, எவை நிறத்தை ஆள்கின்றன என்று தேடிய ஆய்வைக் கேம்பிரிட்ஜின் சில்வியா வின்யோலினி குழுவினரும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே சவுக்கிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) இல்லாமல், பரப்பின் மீது வழுக்கி நகரும் இனங்கள். அந்த வழுக்கல்தான் அவற்றை இணையாக வரிசைப்பட வைக்கிறது.

"சேற்றிலிருந்துதானே ஐஆர்1 வந்தது, மோரிப்பிலோ கேரித் தீவின் கண்டல் ஓரத்திலோ ஒரு பிடி சேற்றை எடுத்து நாமே தேடினால் என்ன?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தொடக்க நிலையில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சேற்றை அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழில்) தடவினால் நூறு விதமான உயிர்கள் வளரும். அவற்றில் எது புண்ணில் பட்டால் ஆபத்து என்று பார்வையால் சொல்ல முடியாது. வெப்பமண்டலக் கழிமுகங்களில் விப்ரியோ இனங்கள் சாதாரணமாக வாழ்கின்றன. பெயர் தெரிந்த, நோய் உண்டாக்காத, சேகரிப்பு நிலையத்திலிருந்து வந்த ஒரே ஒரு வகையோடு தொடங்குங்கள்.

இத்தகைய நிலையங்கள் பொதுவாகத் தனி மனிதர்களுக்கு அனுப்புவதில்லை, நிறுவனங்களுக்கே அனுப்புகின்றன. வெளிநாட்டிலிருந்து நுண்ணுயிரை வரவழைக்க அனுமதியும் தேவை. மலேசியத் தனிமைப்படுத்தல் மற்றும் சோதனைச் சேவைகள் சட்டம் 2011 இதற்குரியது. எனவே முதல் வேலை, நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தையோ கல்லூரியையோ அணுகி, அவர்களது மேற்பார்வையில் கழகம் இயங்க ஏற்பாடு செய்வது. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். அந்த நேரத்தில் பாக்டீரியாவே இல்லாமல் அகார் ஊற்றிப் பழகிக்கொள்ளலாம். மரபணு மாற்றம் செய்த வகைகளைக் கேட்காதீர்கள். அவை உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007-இன் கீழ் வருபவை, பள்ளிக் கழகத்துக்கு உரியவை அல்ல. இயற்கை வகையே போதிய நிறத்தைத் தரும்.

அறை

கூரைத் தகடு சூடேறும் மதிய வேளையில் நம் ஊர் வகுப்பறைகள் 30 பாகைக்கு மேல் போய்விடும். இந்தப் படலங்களுக்கு 20 முதல் 25 பாகை வரை சீரான வெப்பம் வேண்டும். பகலில் குளிர்சாதனத்தைப் போட்டு மாலையில் நிறுத்திவிடும் அறை, எப்போதும் வெப்பமாக இருக்கும் அறையைவிடத் தொல்லையானது. வெப்பம் ஏறி இறங்கும்போது மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கட்டி, படலத்தின் மேல் விழுந்து வரிசையைக் கலைத்துவிடும். குளிரூட்டும் வசதியுள்ள வளர்ப்புப் பெட்டி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில், மூடிய தெர்மோகோல் பெட்டிக்குள் தட்டுகளை வைத்து, இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும் அறை ஒன்றில் வையுங்கள். உணவு சமைக்கும், உண்ணும் இடங்களில் இந்த வேலை கூடாது.

எறும்புகளைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. வளர்ப்புக் கூழிலுள்ள புரதச் சத்தின் வாசனைக்கு அவை ஓர் இரவில் வந்துவிடும். ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குப் பூஞ்சையைச் சுமந்துகொண்டு போகும். மேசைக் கால்களைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

வளர்ப்புக் கூழ்

செல்லுலோபாகாவுக்குச் சத்துக் குறைந்த கடல்நீர் அகார் நன்றாக ஒத்துப்போகிறது. 1 லிட்டருக்கு டிரிப்டோன் (செரித்த புரதத் தூள்) 1 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், அகார் 15 கிராம், கடல் மீன்தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவை 30 கிராம் அளவில் எடுத்துக்கொள்ளலாம். சமையலுக்கான அயோடின் உப்பு இதற்கு மாற்றாகாது, ஏனெனில் கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் இல்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் கடல் அகார் 2216 தூளிலும் இது வளரும், ஆனால் அதில் சத்து அதிகம். படலம் தடித்துவிடுவதும் உண்டு.

9 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு 20 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், பத்துத் தட்டுகளுக்கு 200 மில்லிலிட்டர் போதும். அந்த அளவுக்கு ஈஸ்ட் சாறு 0.1 கிராம்தான் வரும். சமையலறைத் தராசு அதைக் காட்டாது. நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள், அல்லது பத்து மடங்கு செறிவான கரைசலைத் தயாரித்து அதிலிருந்து அளந்து ஊற்றுங்கள். மளிகைக் கடையில் இழைகளாகக் கிடைக்கும் அகார்-அகார், ஊற்றிப் பழகுவதற்கு ஏற்றது. ஆனால் ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு விதமாக இறுகும் என்பதால் ஒப்பீட்டுச் சோதனைக்கு அதை நம்ப வேண்டாம். இனிப்புக்கான ஜெல்லித் தூள்களில் சர்க்கரையும் கரஜீனனும் கலந்திருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் தளர்வாக வைத்து, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) 121 பாகையில் 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். நல்ல நிலையிலுள்ள பிரஷர் குக்கரும் ஏறக்குறைய இதே அழுத்தத்தைத் தரும். ஆவி முழு வேகத்தில் வரத் தொடங்கிய பிறகே நேரத்தை எண்ண வேண்டும். அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டு எடையைத் தூக்கினால் அகார் பொங்கி வெளியே வரும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். கடல் உப்பைச் சேர்த்துக் கொதிக்கவைப்பதால் கூழ் சற்றுக் கலங்கலாம், அதனால் தீங்கில்லை.

ஊற்றுதலும் உலர்த்துதலும்

பெரும்பாலான தட்டுகளின் விதி இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். புட்டியை வெறுங்கையால் பிடிக்க முடியும் அளவுக்கு, அதாவது 50 பாகை அளவுக்கு, ஆறவிட்டு ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியெல்லாம் வியர்க்கும். இன்னும் ஆறவிட்டால் கட்டி தட்டிப் பரப்பு மேடுபள்ளமாகும், மேடுபள்ளத்தில் ஒளி சிதறும். மேசை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் மட்டப்பலகையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகிய பிறகு பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அது மிகுதியாக இருந்தால் செல்கள் மிதந்து கலையும். அறவே இல்லாவிட்டால் வழுக்கி நகர முடியாமல் நின்ற இடத்திலேயே குவியும். இரண்டிலும் நிறம் வராது. சுத்தமான காற்றோட்டப் பெட்டிக்குள் மூடியைச் சற்று விலக்கி வைத்து 15 நிமிடம் உலர்த்தி, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் பரப்பில் தெளிவாகத் தெரிந்து, ஆனால் சாய்க்கும்போது நீர் ஓடாமல் இருந்தால் அதுவே சரியான பதம். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அரை மணி நேரமும் ஆகும், ஆகவே கடிகாரத்தைவிட அந்தப் பிம்பத்தை நம்புங்கள். பிறகு தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றை மட்டும் எதுவும் தடவாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னர் அதில் ஏதேனும் முளைத்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துவிட வேண்டியதுதான்.

தடவுதல்

ஒருவர் செய்ய ஒருவர் பார்க்கட்டும். கையுறை அணிந்து, முடியைக் கட்டி, மேசையை 70 சதவீத எத்தனாலால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே புன்சன் அடுப்பைப் பற்றவையுங்கள். எத்தனால் ஈரம் இருக்கும்போது தீயைக் கொண்டுவருவது பள்ளி ஆய்வுக்கூடங்களில் நேரும் விபத்துகளில் தவிர்க்கக்கூடிய ஒன்று. வளையக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து, மேற்பார்வையாளர் தந்த தாய்த் தட்டிலிருந்து குண்டூசித் தலை அளவு எடுத்து, புதிய தட்டின் நடுவில் ஒரு புள்ளியாகவும், மற்றொரு தட்டில் ஒரே நேர்கோடாகவும் வையுங்கள். அகாரைக் கீறக் கூடாது, கம்பி பரப்பை வருடிச் செல்ல வேண்டும். மூடியை இரண்டு சிறு துண்டு நாடாவால் மட்டும் ஒட்டுங்கள். இவை காற்று வேண்டும் உயிர்கள், சுற்றிலும் இறுக்கி அடைத்தால் திணறும்.

பார்த்தல்

ஒன்றிரண்டு நாளில் படலம் விரியத் தொடங்கும். நேர்மேலிருந்து, அறை விளக்கில் பார்த்தால் மஞ்சள் கலந்த ஒரு பூச்சு மட்டுமே தெரியும், "வரவில்லை" என்று பலர் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள். தட்டின் அடியில் மங்கலான கறுப்பு அட்டையை வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு வெள்ளை எல்இடி விளக்கைச் சாய்வாகப் பிடித்து, தட்டை மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அந்த மஞ்சள் பூச்சு சட்டென்று பச்சையாக எழும், பொடிப்பொடியான மினுக்கப் புள்ளிகளாக. ஆய்வுக்கூடங்களில் கூழுக்குள்ளேயே நிக்ரோசின் என்ற கறுப்புச் சாயத்தைக் கலந்துவிடுவதும் உண்டு. பின்னாலிருந்து வரும் சிதறிய ஒளியை விழுங்குவதே அட்டை, சாயம் இரண்டின் வேலையும். தொடங்குவோருக்கு அட்டை போதும்.

அந்தப் பச்சை உண்மையிலேயே கட்டமைப்பு நிறம்தானா என்று சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. விளக்கைத் தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், ஊடுருவி வரும் ஒளியில் பாருங்கள். பச்சை மறைந்து மஞ்சள் மட்டும் நிற்கும், ஏனெனில் மஞ்சள் செல்லுக்குள் இருக்கும் சாயம், பச்சை செல்களின் அடுக்கு. அடுத்து, காய்ச்சி ஆறிய கம்பியால் படலத்தின் ஓரத்தில் ஒரு சிறு கீறல் இடுங்கள். கீறிய தடத்தில் பச்சை செத்து, மஞ்சள் பசைபோல் கம்பியில் சுருண்டு வரும். பொருள் அதே, அளவும் அதே, ஒழுங்கு மட்டும் போயிற்று. படம் எடுப்பதென்றால் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, வெண்மைச் சமநிலையையும் வெளிச்ச அளவையும் பூட்டி, விளக்கின் கோணத்தை எழுதி வையுங்கள். கோணம் குறிக்கப்படாத படம் அழகாக இருக்கலாம், தரவாக ஆகாது.

மாற்றத்தைக் கேட்பது

நிறம் நிலையாக வரத் தொடங்கிய பிறகே, அதற்கு முன் அல்ல, சூழலை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எளியது ஈரம். மூடியைத் திறக்காமலேயே, சில தட்டுகளை நனைந்த காகிதம் வைத்த பெட்டியிலும், சிலவற்றைச் சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியிலும் வைத்து, ஒரே கோணத்தில் நாள்தோறும் படம் எடுங்கள். நீர் குறையும்போது செல்கள் நெருங்கி, நிறம் குறைந்த அலைநீளத்தை நோக்கி, அதாவது நீலப் பக்கமாக, நகர வேண்டும் என்பது இயற்பியல் கணக்கு. அளவுக்கு மீறிக் காய்ந்தால் அடுக்கு சுருங்கிக் குலைந்து நிறம் மங்கும். அடுத்ததாக உப்பின் அளவை மாற்றலாம். பிறகு அகாரின் கெட்டித்தன்மையை 1 சதவீதம், 1.5 சதவீதம், 2 சதவீதம் என்று மாற்றலாம். கடற்பாசியிலிருந்து வரும் கரஜீனன் போன்ற சர்க்கரைத் தொடர்கள் ஐஆர்1-இன் நிறத்தை மாற்றுவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐஆர்1 உங்கள் கையில் இருந்தால் அதையும் முயலலாம். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று தட்டுகளாவது இருக்கட்டும். ஒரே தட்டை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது அறிவியல் விழா நடுவர்களிடம் செல்லுபடியாகலாம், உண்மையிடம் செல்லாது.

இந்தப் படலத்தை உணரியாகவோ சாயமில்லா வண்ணப் பூச்சாகவோ ஆக்கலாம் என்ற பேச்சு உண்டு. அந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதான், எனினும் உங்கள் தட்டிலுள்ள நிறம் சில நாட்களில் மங்கத் தொடங்கும். சத்துத் தீர்ந்து செல்கள் இறக்கும்போது அடுக்கு சரிந்துவிடும். உயிருள்ள பொருள் என்பதன் விலை அது. மங்குவதற்குள் புதிய தட்டுக்கு ஓரத்திலிருந்து எடுத்து மாற்றுங்கள், நடுவில் இருப்பவை வயதானவை. மூல வகையைக் கிளிசரால் கலந்து மைனஸ் 80 பாகையில் உறைய வைத்துக் காப்பது மேற்பார்வை ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாக இருக்கட்டும்.

கழித்தல்

பஞ்சுபோன்ற வெள்ளையோ, கறுப்போ, வழக்கத்துக்கு மாறான வாடையோ தெரிந்தால் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். திறவாமலேயே கழிவுப் பையில் போடுங்கள். எல்லாத் தட்டுகளையும் ஆட்டோகிளேவ் பையில் இட்டு 121 பாகையில் 45 நிமிடம் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். அது இயலாத இடத்தில், நம் ஊரில் எந்தக் கம்பெனியுடையதானாலும் குளோரக்ஸ் என்றே சொல்லப்படும் வெளுப்பானை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றன்றே கலந்து, தட்டு முழுவதும் மூழ்கும்படி குறைந்தது அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதனோடு வினிகரையோ வேறு கழுவும் திரவத்தையோ சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். வெளுப்பானில் ஊறியவற்றை ஆட்டோகிளேவில் இடுவதும் கூடாது. மேசையைத் துடைத்து, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மாணவர்களை அறையை விட்டு அனுப்புங்கள்.